திரை விளிம்பும் துள்ளும் பந்தும்

கேரம் பலகையில் ஸ்டிரைக்கரைச் சுண்டுகிறோம். அது எதிர்ச்சட்டத்தில் மோதித் திரும்புகிறது. 'திரும்பு' என்று அதற்கு எவரும் கட்டளையிடவில்லை. மரச்சட்டம் தடுக்கிறது, தடுக்கப்பட்ட பொருள் திரும்புகிறது. கணிப்பொறித் திரையில் ஓடும் பந்துக்கோ இந்த வசதி இல்லை. அங்கே மரமும் இல்லை, சுவரும் இல்லை. திரையின் விளிம்பு என்பது வெறும் எண். பந்து நிற்கும் இடமும் எண்தான். ஓர் எண் இன்னோர் எண்ணின்மீது மோதிவிட்டது என்று எவ்வாறு கண்டறிவது? மோதியபின் எவ்வாறு திருப்புவது? கேட்பதற்கு எளிய இவ்வினாக்களே விளையாட்டு நிரல் எழுதப் புகும் பலரை முதல் நாளிலேயே திணற வைக்கின்றன.

இதனை ஆராய ஸ்க்ராட்ச் என்னும் நிரல்மொழி மிகவும் ஏற்றது. அமெரிக்காவிலுள்ள மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஊடக ஆய்வகத்தில், மிட்செல் ரெஸ்னிக் தலைமையிலான குழுவினர் இதனை உருவாக்கி 2007ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இதில் கட்டளைகளைத் தட்டச்சுச் செய்ய வேண்டியதில்லை. வண்ண வண்ணக் கட்டளைத் துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்தினால் போதும். 8 முதல் 16 வயது வரையுள்ள சிறுவர்க்கென எண்ணிச் செய்யப்பட்டது என்பதால் நம்மில் சிலர் இதனை ஏளனமாகப் பார்க்கக்கூடும். அது பிழை. கட்டளைத் துண்டு சிறுவர்க்குரியதாக இருக்கலாம்; அதனுள் இருக்கும் கணிதம் நம் பாடநூலில் உள்ள அதே கணிதம்தான்.

ஸ்க்ராட்சின் மேடை 480 அலகு அகலமும் 360 அலகு உயரமும் கொண்டது. நட்டநடுவே ஆதிப்புள்ளி. ஆகவே வலது விளிம்பு 240, இடது விளிம்பு -240, மேல் விளிம்பு 180, கீழ் விளிம்பு -180. பந்தை நகர்த்திவிட்டு, 'விளிம்பில் இருந்தால் துள்ளித் திரும்பு' என்னும் பொருளுடைய ஆயத்தத் துண்டை அதன்கீழ்ப் பொருத்தி, இரண்டையும் 'எப்போதும்' என்ற வளையத்துக்குள் வைத்துவிட்டால் பந்து நான்கு பக்கமும் துள்ளிக்கொண்டே இருக்கும். வேலை முடிந்தது என்று தோன்றும்.

முடியவில்லை. 1972இல் அட்டாரி நிறுவனம் வெளியிட்ட 'பாங்' விளையாட்டை நினைத்துப் பாருங்கள். அதில் மேல், கீழ் விளிம்புகளில் பந்து துள்ளும். இடமோ வலமோ மட்டையைத் தாண்டிப் போய்விட்டால் எதிராளிக்கு ஒரு புள்ளி. அதாவது எல்லா விளிம்பும் ஒன்றல்ல. ஆனால் ஸ்க்ராட்சில் 'விளிம்பைத் தொடுகிறதா?' என்று கேட்டால் ஆம், இல்லை என்ற விடை மட்டுமே கிடைக்கும். எந்த விளிம்பு என்று அது சொல்லாது. வெற்றி தோல்வியை முடிவு செய்ய வேண்டுமானால் எண்களை நாமே ஒப்பிட்டுப் பார்த்தாக வேண்டும்.

இங்கே முதலில் விழும் குழி சமக்குறி. 'எக்ஸ் மதிப்பு 240க்குச் சமமா?' என்று கேட்கும் நிரல் பெரும்பாலும் பயன் தராது. பந்து ஊர்ந்து செல்வதில்லை. தாவித் தாவிச் செல்கிறது. நடுவிலிருந்து படிக்கு 7 அலகு வீதம் புறப்பட்ட பந்து 238க்கு வரும், அடுத்து 245க்குத் தாவும். 240 என்ற எண்ணை அது மிதிப்பதே இல்லை. ஆகவே 'மிகுதியா?' என்றுதான் கேட்க வேண்டும்.

அடுத்தது, பந்தின் பருமன். ஸ்க்ராட்ச் நமக்குத் தரும் எண் பந்தின் மையத்தைக் குறிப்பது. கேரம் காயின் மையமா சட்டத்தைத் தொடுகிறது? அதன் ஓரமன்றோ தொடுகிறது! பந்தின் ஆரம் 20 அலகு என்றால், மையம் 220ஐ அடையும்போதே ஓரம் சுவரைத் தொட்டுவிடும். இதை மறந்து 240 என்று எழுதினால், பந்து பாதி மறைந்த பிறகே திரும்பும். சிறிய பந்தானால் நிலைமை இன்னும் விசித்திரம். எந்த உருவமும் மேடையை விட்டு முழுவதும் வெளியேறிவிடாதபடி ஸ்க்ராட்ச் ஒரு வேலி வைத்திருக்கிறது. அதனால் 10 அலகு ஆரமுள்ள பந்தின் மையம் ஏறத்தாழ 240 அளவிலேயே நிறுத்தப்பட்டுவிடும். '240ஐ விட மிகுதியா?' என்ற வினாவுக்கு 'ஆம்' என்ற விடை கிடைப்பது அரிது. நிரலில் பிழை ஏதும் தெரியாது. பந்து மட்டும் ஓரத்தில் போய் நின்றுகொண்டிருக்கும்.

இனித் திருப்புவதைப் பார்ப்போம். படுகோணமும் மீள்கோணமும் சமம் என்பது நாம் ஒளியியலில் படித்த விதி. ஸ்க்ராட்ச் திசையை மேல்நோக்கி 0 என்று தொடங்கி, கடிகார முள் செல்லும் வழியில் அளக்கிறது; வலம் 90. எனவே பக்கச் சுவரில் மோதினால் திசையின் குறியை மாற்றினால் போதும்: 60 பாகையில் வந்த பந்து -60இல் திரும்பும். மேற்சுவரிலோ கீழ்ச்சுவரிலோ மோதினால் 180இலிருந்து கழிக்க வேண்டும்: 60 பாகை 120 ஆகும். கோணமே வேண்டாம் என்பவர்கள் வேகத்தைக் கிடைக்கூறு, நெடுக்கைக்கூறு என்று இரண்டாகப் பிரித்து வைத்துக்கொள்ளலாம். பக்கச் சுவர் முதற்கூறின் குறியை மாற்றும், மற்றதைத் தொடாது. எனக்கு இம்முறையே பிடிக்கும்.

குறியை மாற்றுவது என்றேன். உண்மையான ஆபத்து அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. பொறுமையாக ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எல்லை 220. ஒவ்வொரு மோதலிலும் பந்தின் வேகம் பாதியாகக் குறைய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பந்து 218இல் இருக்கிறது, கிடைவேகம் 10. அடுத்த படியில் அது 228. எல்லை தாண்டியாயிற்று, குறியை மாற்றிப் பாதியாக்கினால் வேகம் -5. அடுத்த படியில் 223. இன்னும் எல்லைக்கு அப்பால்தான்! நிரல் மறுபடியும் மோதல் என்று கருதிக் குறியை மாற்றுகிறது: வேகம் 2.5. பந்து 225.5க்குப் போகிறது. மீண்டும் மாற்றம், 224.25. இப்படியே சுவரோடு ஒட்டிக்கொண்டு நடுங்கித் துடிக்குமே தவிர, பந்து உள்ளே வராது. உள்ளே வந்துகொண்டிருந்த பந்தை வெளியே தள்ளியது நம் கட்டளையேதான்.

குறையை நீக்குவது கடினமன்று. 'குறியை மாற்று' என்று சொல்லாமல், வலச்சுவரில் 'வேகத்தை எதிர்மறையாக்கு' என்று சொல்ல வேண்டும். தனிமதிப்பு எடுத்து அதற்கு எதிர்க்குறி இட்டால் போதும். ஏற்கெனவே எதிர்மறையாக இருந்தால் அப்படியே இருக்கும். எத்தனை முறை சொன்னாலும் கெடுதல் இல்லை. கூடவே பந்தை 220இல் கொண்டுவந்து வைத்துவிடவும் வேண்டும்.

ஸ்க்ராட்சின் மூலநிரல் எவரும் படிக்கக்கூடியது. அதன் ஆயத்தத் துண்டு செய்வதும் ஏறத்தாழ இதுவே. நான்கு விளிம்புகளில் மிக அருகிலிருப்பதைத் தேர்கிறது. அதற்குரிய கூறை உள்நோக்கித் திருப்புகிறது. பந்தை மேடைக்குள் நகர்த்துகிறது. இன்னொரு நுட்பமும் செய்கிறது. மொத்தம் 1 என்று கொண்டால் அந்த உள்நோக்கிய கூறு 0.2க்குக் குறையாதபடி பார்த்துக்கொள்கிறது. அதனால் பக்கச் சுவரை உரசியபடி நேராக மேலே செல்லும் பந்துகூடச் சுமார் 11 பாகை உட்புறம் திரும்பிவிடும். இயற்பியல் பேராசிரியர் இதை ஒப்பமாட்டார். ஆனால் ஆடுபவனுக்கு விதியைவிடப் பந்து திரும்ப வருவதே முக்கியம்!

மூலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான்கு சுவருக்கும் 'இல்லையெனில்' போட்டுச் சங்கிலியாகக் கோத்தால், மூலையில் ஒரு சுவர் மட்டுமே கவனிக்கப்படும். நான்கையும் தனித்தனி 'எனில்' ஆக்கினால் இரு கூறுகளும் ஒரே படியில் திரும்பும்.

துள்ளல்தான் விளிம்பின் ஒரே குணம் என்பதில்லை. 1976இல் வந்த 'பிளாக்கேட்' விளையாட்டில் சுவரைத் தொட்டால் தோல்வி. 1979இல் வந்த 'ஆஸ்டிராய்ட்ஸ்' விளையாட்டிலோ வலப்பக்கம் மறைந்த விண்கலம் இடப்பக்கம் தோன்றும். இதை ஸ்க்ராட்சில் செய்ய விரும்புவோர் எக்ஸ் மதிப்பு எல்லையைத் தாண்டியதும் அதை எதிர்ப்பக்கத்துக்கு மாற்றினால் போதும். அந்த எல்லையை 240 என்று வைக்காமல் 235 என்று வைத்து, எதிர்ப்பக்கத்தில் -235இல் இறக்குங்கள். முன்சொன்ன வேலி அங்கேயும் குறுக்கே நிற்கிறது.