பழைய கேம்களைக் காக்கும் கைகள்

ஜப்பானின் காப்காம் நிறுவனம் 1993-ல் ‘சிபிஎஸ்-2’ என்ற ஆர்கேட் போர்டைக் கொண்டுவந்தது. திருட்டு நகலைத் தடுக்க, கேமின் நிரலை மறையாக்கிப் பூட்டினார்கள். அதைத் திறக்கும் சாவி, போர்டில் இருந்த ஒரு பேட்டரியின் தயவில்தான் நினைவகத்தில் தங்கியிருந்தது. பேட்டரி தீர்ந்தால் சாவி அழியும், கேம் ஓடாது. சேகரிப்பாளர்கள் இதைத் ‘தற்கொலை பேட்டரி’ என்றே அழைத்தார்கள். 2001-ல் ரசிகர் குழு ஒன்று அந்தப் பூட்டைத் திறந்த பிறகுதான், செத்துக் கிடந்த போர்டுகளுக்கு உயிர் கொடுக்க வழி பிறந்தது. ரசிகர்களின் இந்த உழைப்பைப் பாதுகாப்புப் பணியாகச் சட்டம் ஏற்க வேண்டும். அந்த ஏற்பைப் பெறத் தகுதியான காப்பகம் எது என்பதற்கு முதல் அளவுகோல் இதுதான்: அசலிலிருந்து இம்மியும் மாறாத பிரதி.

‘நிறுவனங்களே பழைய கேம்களை மறுவெளியீடு செய்கின்றனவே’ என்று கேட்கலாம். செய்கின்றன, ஆனால் விற்கக்கூடியவற்றை மட்டும். 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் கிடைப்பதில்லை என்று ‘வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன்’ 2023-ல் நடத்திய ஆய்வு சொல்கிறது. அதே ஆண்டு மார்ச்சில் நின்டெண்டோ தன் 3டிஎஸ், வீ யூ கருவிகளின் இணையக் கடைகளை மூடியது. அங்கே மட்டுமே விற்ற கேம்களைப் புதிதாக வாங்க இன்று வழியில்லை.

‘அப்படியானாலும் அது திருட்டுதானே’ என்பது வலுவான கேள்வி. விற்பனையில் உள்ள கேமைக் காசு கொடுத்து வாங்குவதே நியாயம். விளம்பர வருமானத்துக்காக எல்லாவற்றையும் அள்ளி வைக்கும் தளங்களைப் பாதுகாவலர்கள் என்று சொல்ல முடியாது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவும், முறைப்படி நிரலை வைத்திருப்பவர் இழப்புக்கு எதிராகக் காப்புப் பிரதி எடுக்கத்தான் இடம் தருகிறது. முன்பின் தெரியாத தளத்திலிருந்து எடுக்க அல்ல. ஆனால் கடையில் இல்லாத கேமை ஆய்வாளருக்குத் தொலைவிலிருந்து திறந்து காட்டக்கூட நூலகங்களுக்கு 2024-ல் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் அனுமதி மறுத்தது. விற்காத பொருளுக்கு விற்பனை இழப்பு எங்கிருந்து வரும்?

இணையத்திலிருந்து கேமை இறக்கினால் வைரஸ் வருமோ என்ற பயமும் நியாயமானதே. அதற்கும் பதில் அதே அளவுகோலில் இருக்கிறது. ‘நோ-இன்ட்ரோ’, ‘ரீடம்ப்’ ஆகிய ரசிகர் திட்டங்கள் ஒவ்வொரு அசல் பிரதிக்கும் உரிய ஹாஷ் எண்ணைப் பட்டியலிடுகின்றன. ஒரு பைட் மாறினாலும் அந்த எண் ஒத்துப்போகாது. ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ முழுவதுமே சுமார் 40 கிலோபைட்தான். இவ்வளவு சிறிய அந்தக் காலத்துக் கேட்ரிட்ஜ் கேம் எக்ஸி ஃபைலாகவோ தனி ‘டவுன்லோடு மேனேஜர்’ கேட்டோ வந்தால், அதைத் தொடவே கூடாது. பழைய கருவியைப் போலவே கணினியை இயங்கச் செய்யும் எமுலேட்டரையும் அதை உருவாக்கியவர்களின் தளத்திலிருந்து மட்டும் எடுக்க வேண்டும்.

ஆகவே, கடையில் இல்லாத கேம்களுக்கு மட்டும், பிரதியைச் சரிபார்த்து வைத்திருக்கும் காப்பகங்களுக்கும் நூலகங்களுக்கும் சட்டம் தெளிவான விலக்கு தரட்டும். நிறுவனம் மீண்டும் விற்கத் தொடங்கும் நாளில் அந்த விலக்கு முடியட்டும். வணிகத்துக்கு இதில் நஷ்டமில்லை. கலைக்கு ஆயுள் கூடும்.