மாமனார் ஊற்றிய ஆயில்

"மாப்ளே, ஆரணி வெயில் என்ன லேசுப்பட்டதா? கெட்டி ஆயிலா ஊத்தச் சொல்லுங்க!"

சொன்னவர் என் மாமனார். பட்டு வியாபாரி. இன்னமும் அம்பாசடரை விடாதவர். என் செகண்ட் ஹேண்ட் காருக்குப் பாதிப் பணம் அவருடையது. மறுத்துப் பேச முடியுமா ஸார்? மெக்கானிக்கும் "ஐயா சொன்னா சரிதான்" என்று தலையாட்ட, 20 டபிள்யூ-50 ஊற்றியாயிற்று.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. காலையில் ஸ்டார்ட் செய்தால் முதல் சில விநாடிகளுக்கு 'டிக்... டிக்... டிக்' என்று தறிச் சத்தம். எங்கள் தெருவில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது. லிட்டருக்கு 18 கொடுத்த வண்டி 17-ஐத் தாண்ட மறுத்தது. இன்ஜினைப் பிரித்தால் என் ஆறு மாத சன்மானம் காலி!

நான் பி.காம். எண்ணைப் பார்த்தால் விடமாட்டேன். காருக்குள் தூங்கிக்கொண்டிருந்த கையேட்டைப் புரட்டினேன். '5 டபிள்யூ-30' என்று பளிச்சென்று போட்டிருந்தது.

'டபிள்யூ' என்றால் வெயிட் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இல்லையாம், விண்டர்! குளிரில் ஆயில் எவ்வளவு இளகி ஓடும் என்பதற்கு முன் எண். 5 டபிள்யூவை மைனஸ் 30 டிகிரி வரைக்கும் குளிர வைத்துச் சோதிக்கிறார்கள். ஆரணி மார்கழிக்கு அவ்வளவு தேவையில்லை. ஆனால் ராத்திரி முழுக்க ஆறிக் கிடந்த இன்ஜினில், இளகிய ஆயில்தான் சட்டென்று மேலே ஏறும். என் 'டிக் டிக்'குக் காரணம் அதுதான்.

பின் எண், 100 டிகிரி சூட்டில் உள்ள கெட்டித்தன்மை. 30 என்றால் 9.3-லிருந்து 12.5 செண்டிஸ்டோக்ஸுக்குள். 50 என்றால் 16.3-லிருந்து 21.9-க்குள். கிட்டத்தட்ட இரண்டு பங்கு! அதைத் தள்ளித் தள்ளியே இன்ஜினுக்கு மூச்சு வாங்கும்; பெட்ரோல் பில் நமக்கு.

சரி, வெயில்? வெளியே 42 டிகிரி கொளுத்தினாலும், ஊட்டிப் பனியில் நின்றாலும், தெர்மோஸ்டாட் என்ற சின்ன சமாச்சாரம் கூலண்டை 90 டிகிரி பக்கத்திலேயே பிடித்து வைக்கிறது. இன்ஜினுக்குள் ஆரணியும் ஊட்டியும் ஏறக்குறைய ஒரே ஊர்தான். கையேட்டில் வெப்ப அட்டவணை இருந்தால் அதற்குள் தேர்ந்தெடுக்கலாம். வயதாகி ஆயில் குடிக்கும் வண்டிக்கும், கையேடு அனுமதித்தால், ஒரு படி கெட்டியாகப் போகலாம்.

இதையெல்லாம் மாமனாரிடம் யார் சொல்வது? மனைவி நைசாக சமையலறைக்குள் நழுவிவிட்டாள். செண்டிஸ்டோக்ஸ் என்று ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவார். கஞ்சியில் ஆரம்பித்தேன்.

"மாமா, பாவுக்குக் கஞ்சி ரொம்பக் கெட்டியா போட்டா என்ன ஆகும்?"

"இழை ஒண்ணோடொண்ணு ஒட்டிக்கும்."

"நீர்த்துப் போனா?"

"பிசிறு கிளம்பி அறுந்துடும். நூலுக்குத் தக்கபடி போடணும் மாப்ளே."

"உங்க அம்பாசடர் பழைய இன்ஜின், உள்ளே இடைவெளி தாராளம். கெட்டி ஆயில் பொருந்தும். இந்தப் புது இன்ஜின் சன்ன நூல் மாமா. ஆயில் போற வழியெல்லாம் நெருக்கம்."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். மறுநாள் காலை, மெக்கானிக் கடைக்கு எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தார்.

5 டபிள்யூ-30 ஊற்றியதும் சத்தம் அடங்கியது. பில்லை நீட்டினேன். அதைக் கண்டுகொள்ளாமல் மெக்கானிக் பக்கம் திரும்பினார்.

"அந்தக் கெட்டி ஆயில் டின்ல மிச்சம் இருந்துதே, எங்கப்பா? நம்ம அம்பாசடருக்கு ஆகும்!"