உப்பு ஜாடி சொல்லும் சேதி

ஐப்பசி பிறந்து அடைமழை பிடித்துக்கொண்டால், சென்னை வீடுகளில் ஒரு நாற்றம் கிளம்புமே, கவனித்திருக்கிறீர்களா? பீரோவைத் திறந்தால் பட்டுப் புடவையில் பூசணம்; செருப்பு அலமாரியில் வெள்ளைப் பூச்சு. அதற்கு முன்பே அடுக்களையில் ஒருவர் நம்மை எச்சரித்திருப்பார். அவர்தாம் உப்பு ஜாடி!

காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு நீர்த்துப் போகிறது. வீட்டுக்குள் 60க்கு மேல் போகாமல் இருப்பதுதான் நல்லது. அதற்கு மேல் நாள்கணக்கில் நீடித்தால் பூசணத்துக்குக் கொண்டாட்டம். ஆஸ்துமா உள்ள குழந்தைக்கோ திண்டாட்டம்.

இந்த ஈரமெல்லாம் மழையால் வந்ததுதானா? இல்லை, ஒரு பகுதி நாமே சேர்ப்பது. ஐந்து கிலோ துணியை மெஷின் பிழிந்து கொடுத்த பிறகும், அதில் இரண்டு லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் இருக்கும். கூடத்துக் கொடியில் உலர்த்தினால் அத்தனையும் காற்றில்தான் கலக்கும். ஆகவே ஒரே அறையில் துணியைப் போட்டு, மற்ற அறைக் கதவுகளைச் சாத்துங்கள். சமைக்கும்போது எக்ஸாஸ்ட் விசிறி ஓடட்டும். பீரோவைச் சுவரை ஒட்டி நிறுத்தாமல் நாலு விரற்கடை தள்ளி வையுங்கள். மழை பெய்யும்போது ஜன்னலைத் திறந்து பயனில்லை. வெயில் தலை காட்டியதும் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து விடுங்கள். ஏ.சி. இருந்தால் 'டிரை' பொத்தானை அழுத்துங்கள்.

இவ்வளவு சொல்லும் நான், போன வருஷம் கார்த்திகையில் என்ன செய்தேன், தெரியுமா? மறுநாள் பள்ளிக்கூடச் சீருடை உலர வேண்டுமே என்று, எக்ஸ்டென்ஷன் பாக்ஸை இழுத்து வந்து கொடியின் கீழே தரையில் வைத்தேன். அதில் மேஜை விசிறி. பக்கத்துத் துளையில் இஸ்திரிப் பெட்டி. இன்னொன்றில் வெந்நீர்க் கெட்டில். மிச்ச ஒயரை அழகாகச் சுருட்டியும் வைத்திருந்தேன்.

"என்னம்மா, ஏதோ கருகற வாடை வருதே?" என்று என் மாமியார் கேட்டபோதுதான் ஓடினேன். சுவர் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் பார்த்தால், பிளக் பழுப்பேறி இளகியிருந்தது. துணியிலிருந்து சொட்டிய தண்ணீர் பாக்ஸுக்கு ஒரு சாண் தூரத்தில் தேங்கி நின்றது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

கணக்கு எளிதுதான். சாதாரண 6 ஆம்பியர் பிளக் 230 வோல்ட்டில் 1,380 வாட் வரைதான் தாங்கும். இஸ்திரிப் பெட்டி 1,000, கெட்டில் 1,500. ஆறு துளை இருப்பதால் ஆறு சாமானையும் மாட்டலாம் என்று அர்த்தமல்ல! விசிறி, போன் சார்ஜர், விளக்கு ஆகியவற்றோடு பாக்ஸ் நிற்கட்டும். சூடு உண்டாக்கும் எதையும், ஏ.சி.யையும், அதற்குரிய சுவர்ப் பிளக்கிலேயே மாட்டுங்கள். சுருட்டிய ஒயரிலும் பாய்க்கு அடியில் போகும் ஒயரிலும் சூடு வெளியேற வழியில்லை. பாக்ஸைத் தரையில் வைக்காதீர்கள். ஈரக் கையால் தொடாதீர்கள். மூன்று முள் பிளக்கில் பருத்த முள் எர்த்துக்கானது. அதை ஒடித்துவிட்டு மாட்டும் சாமர்த்தியம் வேண்டவே வேண்டாம். மீட்டர் பெட்டியில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை அழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மின்சாரம் உடம்பில் பாயத் தொடங்கினால் கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும் உயிர்க் காவலன் அது.

நாளைக் காலை சாம்பாருக்கு உப்புப் போடும்போது ஜாடியைச் சற்று உற்றுப் பாருங்கள். நீர்த்திருந்தால், அப்படியே கொடியின் கீழேயும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். சீருடை ஒரு நாள் ஈரமாகப் போனால் வாத்தியார் மன்னித்துவிடுவார், மின்சாரம் மன்னிக்காது!