வீட்டோரம் இஞ்சி: விதைக்கிழங்கும் மண்ணும் சரியாக இருக்கட்டும்

கூடலூர், பந்தலூர் பகுதிகளில் ஆடி மழையின்போது இஞ்சித் தூர் மஞ்சளடித்தால் வீட்டில் கவலை வந்துவிடும். பச்சையாக நின்ற தூர் சில நாட்களிலேயே சாயும். விதைக்குப் போட்ட பணமும் அதோடு போகும். வீட்டுத் தேவைக்கு நாலு சாக்கில் வளர்ப்பவர்களுக்கும் இதே நிலைதான். பலரும் மழையைக் குறை சொல்வார்கள். ஆனால் நோய் பெரும்பாலும் நடும் நாளிலேயே விதைக்கிழங்கோடும் மண்ணோடும் வந்துவிடுகிறது. மழை அதைப் பரப்புகிறது.

இடமும் மண்ணும்

இஞ்சி சுமார் 1,500 மீட்டர் உயரம் வரை நன்றாக வரும். கூடலூர், பந்தலூர் மற்றும் குன்னூர், கோத்தகிரியின் தாழ்வான சரிவுகள் ஏற்றவை. ஊட்டியின் குளிரும் உறைபனியும் இதற்கு ஆகாது.

தேயிலைத் தோட்ட மண்ணில் புளிப்புத் தன்மை அதிகம். அதை மட்டும் நிரப்பக் கூடாது. மண், மணல், நன்கு மக்கிய தொழு உரம் மூன்றையும் சம அளவில் கலந்து, நடுவதற்கு இரண்டு வாரம் முன்பே சிறிது சுண்ணாம்புத் தூள் சேர்க்கலாம். உருளைக்கிழங்கு, தக்காளி, மிளகாய், கத்தரி விளைந்த மண் வேண்டாம். அவற்றை வாட்டும் பாக்டீரியா இஞ்சியையும் தாக்கும்.

நடவு

சித்திரை, வைகாசியில் கோடை மழை கிடைத்ததும் நடலாம். கோழிக்கோடு இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட வரதா, ரெஜதா, மஹிமா ரகங்கள் நல்லவை. முளையுள்ள 20 முதல் 25 கிராம் துண்டுகளை, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 3 கிராம் மான்கோசெப் கலந்த கரைசலில் 30 நிமிடம் ஊறவைத்து நிழலில் உலர்த்த வேண்டும். 5 சென்டிமீட்டர் ஆழத்தில் நட்டு, மேலே பச்சிலை மூடாக்கு போட வேண்டும்.

சாக்கின் அடியில் ஓட்டைகள் போட்டு, கற்களின் மேல் வைக்க வேண்டும். கூரைத் தண்ணீர் சொட்டும் இடத்தில் வைக்கக் கூடாது.

மஞ்சளடித்தால்

தண்டை இழுத்ததும் கையோடு வந்து, கிழங்கு அழுகி நாறினால் அது மென்அழுகல். நோய்த் தூரை மண்ணோடு அகற்றி, அருகிலுள்ள தூர்களுக்கு மேற்சொன்ன மான்கோசெப் கரைசலை ஊற்றலாம். இலை சுருண்டு தொங்கினால், தண்டை வெட்டித் தெளிந்த தண்ணீரில் நிறுத்திப் பாருங்கள். பால் போல் வெண்மை கசிந்தால் அது பாக்டீரியா வாடல். அதைக் குணப்படுத்த மருந்தில்லை. தூரை அழித்துவிட்டு, அந்த மண்ணை வேறு சாக்குக்கு மாற்றாமல், கொத்தையும் கழுவிவிட வேண்டும்.

அறுவடை

ஆறு மாதத்தில் பச்சை இஞ்சி எடுக்கலாம். சுக்குக்கும் விதைக்கும் எட்டு மாதம் வேண்டும். மார்கழி, தையில் எல்லாத் தூரும் மஞ்சளாகிக் காய்வது இயல்பு, அது நோயல்ல. மழைக்காலத்திலேயே நோயில்லாத தூர்களுக்கு அடையாளக் குச்சி நட்டு, அவற்றின் கிழங்கை மட்டும் நிழலில் உலர்ந்த மணலில் பாதுகாத்தால், அடுத்த சித்திரையில் விதைக்காகச் சந்தைக்குப் போக வேண்டியதில்லை.