பேச்சின் வேகமும் மாத்திரையும்

கைத்தொலைபேசியே இன்று வீட்டு ஒலிப்பதிவு நிலையமாகிவிட்டது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மாணவர்கள் பேச்சுப் போட்டிக்குக் காணொளி அனுப்புகின்றனர். அம்மம்மாமார் கடல் கடந்து வாழும் பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொல்லி அனுப்புகின்றனர். அப்பிள்ளை தமிழ் கேட்கும் ஒரே குரல் அதுவாகவும் இருக்கலாம். ஆகவே, நம் பேச்சின் வேகத்தை அறிந்துகொள்வது கடமையாகிறது.

விரைவு மட்டுமே குற்றமன்று. இலங்கை வானொலியில் கே. எஸ். ராஜா விரைந்து பேசியே புகழ் பெற்றார், பி. எச். அப்துல் ஹமீத் அழுத்தந் திருத்தமான உச்சரிப்பால் புகழ் பெற்றார். இருவர் பேச்சிலும் சொற்கள் சிதையவில்லை. சிதைவே குற்றம்.

சிதைவு எங்கே நேர்கிறது? இயல்பாகக் கண் இமைக்கும் நேரமோ கைந்நொடிக்கும் நேரமோ ஒரு மாத்திரை எனத் தொல்காப்பியம் வகுத்தது. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. அவசரத்தில் முதலில் தேய்வது நெடிலே. அப்போது 'பாடம்' 'படம்' ஆகிறது. 'கால்' 'கல்' ஆகிறது. பதிவைப் பின்னர் மெதுவாக ஓடவிட்டாலும் தேய்ந்த நெடில் மீளாது.

இனி, அளக்கும் முறையைக் காண்போம். ஏதேனுமொரு பத்தியில் 120 சொற்களை எண்ணி, இயல்பாக வாசித்துப் பதிவு செய்க. 72 செக்கன் சென்றால் வேகம் நிமிடத்துக்கு 100 சொற்கள். ஆங்கில ஒலிநூல்களுக்குக் கூறப்படும் 150 முதல் 160 வரையான கணக்கு நமக்குப் பொருந்தாது. 'நூலகத்திலிருந்து' என்னும் நம் ஒரு சொல்லுக்கு ஆங்கிலத்தில் மூன்று சொற்கள் வேண்டும். ஆதலால், முன்னைய பதிவோடு இன்றைய பதிவை ஒப்பிடுவதே தக்கது. முதற்பாதியையும் பிற்பாதியையும் தனித்தனியே அளந்தால், முடிவை நோக்கி ஓடும் பழக்கமும் வெளிப்படும்.

திருத்தும் வழி எளியது. பொருள் முடியுமிடந்தோறும் எழுத்துப்படியில் கோடிட்டு, அங்கே மூச்சு வாங்குக. பெயர்களையும் எண்களையும் நிதானமாகச் சொல்லுக. கடலோரப் புகையிரதம் இரைந்து சென்றால், அதனோடு போட்டியிடாது சற்றுப் பொறுத்திருங்கள். பின்னர், எழுத்துப்படியைப் பாராத ஒருவரைக் கேட்கச் செய்து, விளங்காத இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். நாள்தோறும் பத்து நிமிடம் இவ்வாறு பயின்றால், கேட்பவர் மறுமுறை கேட்கவேண்டிய தேவை குறைந்துவரும்.