காசிமேட்டுக்கும் அதே அலைதான்

இலங்கைக்கு சர்ஃபிங் பழகவும் ஸ்நார்க்கெலிங் போகவும் கிளம்புகிறவர்கள் இடம் தேர்வதற்கு ஒரு வழக்கமான முறை உண்டு. அலை எத்தனை அடி எழும், காற்று எந்தப் பக்கம், மழை உண்டா என்று செல்போனில் பார்ப்பார்கள். ஏற்கெனவே போய் வந்தவர்கள் எடுத்த நீலத் தண்ணீர்ப் படங்களைப் புரட்டுவார்கள். பிறகு அறுகம்குடா என்றோ நிலாவெளி என்றோ முடிவு செய்வார்கள். இந்த முறையில் தவறில்லை, ஆனால் பார்க்க வேண்டியதில் பாதிதான் இதில் இருக்கிறது. அலை எங்கோ தொலைவில் பிறந்து எல்லாக் கரைக்கும் பொதுவாக வருகிறது. அதில் பலகை போட்டு நிற்க முடியுமா, அந்தத் தண்ணீருக்குள் கண் திறந்து பார்க்க முடியுமா என்பதைக் கரையில் மனிதர்கள் எடுத்த முடிவுகளும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. இதைக் கற்றுக்கொள்ள எந்தத் தீவுக்கும் போக வேண்டியதில்லை. வடசென்னையில் ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை போகும் கடற்கரைச் சாலையே போதும்.

முதலில் தீவின் கணக்கைப் பார்த்துவிடலாம். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று இலங்கையின் மேற்குக் கரையை அடித்துக் கலக்குகிறது. அதே காற்று தீவைக் கடந்து கிழக்குக் கரைக்கு வரும்போது நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. கிழக்கிலங்கை மீனவர்கள் கச்சான் என்று சொல்லும் இந்தக் காற்று அலையின் முகத்தை எதிரே நின்று தாங்கிப் பிடிப்பதால், அலை சட்டென்று கவிழாமல் நீளமாக உருள்கிறது. பொத்துவிலுக்குப் பக்கத்தில் அறுகம்குடாவின் முனையில் மோதித் திரும்பும் அலைக்கு உலகப் புகழ் கிடைத்தது இதனால்தான். அந்த மாதங்களில் திருகோணமலைக்கு வடக்கே நிலாவெளியிலும், எதிரே உள்ள புறாத்தீவிலும் தண்ணீர் தெளிந்து கிடக்கும். வாடைக்காற்று தொடங்கியதும் எல்லாம் தலைகீழாகிவிடும். கிழக்கு கலங்கி, மேற்கே ஹிக்கடுவையில் கடல் அடங்கும். ஆகவே எந்த மாதம், எந்தக் கரை என்ற கேள்விக்குப் பருவக்காற்றே பதில் சொல்லிவிடுகிறது. அலையோ அதற்கும் அப்பாலிருந்து வருகிறது. தென்கோடிப் பெருங்கடலின் புயல்களில் பிறந்து, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடி, இலங்கைக்குக் கிழக்கே வங்கக்கடலுக்குள் நுழைந்து வடக்கே ஏறுகிறது. அறுகம்குடாவைத் தொட்ட அந்த அலைவரிசைதான் சென்னைக்குத் தெற்கே கோவளத்துக்கும் வருகிறது, வடசென்னையின் காசிமேட்டுக்கும் வருகிறது.

வடசென்னைக் கடலில் விளையாடும்படி எப்போது அலை இருந்தது என்று கேட்பவர்கள் மதராஸ் துறைமுகத்துக்கு முந்தைய காலத்தை மறந்துவிடுகிறார்கள். பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் இங்கே வந்த வெள்ளைக்காரப் பயணிகள் எழுதிவைத்த குறிப்புகளில் வெயிலுக்கு அடுத்தபடியாகத் திட்டு வாங்கியது இந்தக் கரையின் அலைதான். கப்பல்கள் வெகு தொலைவில் நங்கூரமிடும். சரக்கையும் ஆட்களையும் கரை சேர்ப்பது மசூலா படகு. ஆணியே இல்லாமல் பலகைகளைத் தென்னை நார்க் கயிற்றால் தைத்த படகு அது. அலை மோதும்போது உடையாமல் நெளிந்து கொடுக்கும். கப்பலுக்குக் கடிதம் கொண்டுபோக வேண்டுமென்றால் கட்டுமரக்காரர் போவார். கூம்பு வடிவத் தொப்பிக்குள் கடிதத்தைப் பத்திரப்படுத்தி, அலை புரட்டிப் போட்டாலும் மறுபடி மரத்தில் ஏறிக்கொண்டு, நனையாத கடிதத்தைக் கொண்டு சேர்ப்பார். நின்றபடி அலையைத் தாண்டுவதும், திரும்பும்போது அலையின் முதுகில் கரைக்கு வருவதும் அவருடைய அன்றாட வேலை. இந்தியக் கடலோரத்தில் அலையேறும் கலை எங்கே உச்சத்தில் இருந்தது என்று யாராவது கேட்டால், இன்றைய ஜார்ஜ் டவுனுக்கும் ராயபுரத்துக்கும் எதிரே உள்ள கடலைத்தான் நான் காட்டுவேன்.

அந்த அலைக்கு பயந்துதான் துறைமுகம் கட்டினார்கள். 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் வந்து கல் நாட்டினார். 1881-ல் அடித்த புயல் கட்டி முடிக்கவிருந்த அலைதடுப்புச் சுவர்களைச் சிதைத்தது. திரும்பக் கட்டினார்கள். கிழக்கே பார்த்திருந்த வாயிலில் மணல் சேர்ந்துகொண்டே போனதால், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சிஸ் ஸ்ப்ரிங் காலத்தில் வாயிலை வடகிழக்குக்கு மாற்ற வேண்டிவந்தது. இந்த மணல்தான் கதையின் மையம். நமது கரையில் தென்மேற்குப் பருவத்தின் அலைகள் மணலை வடக்கே தள்ளுகின்றன, வடகிழக்குப் பருவம் கொஞ்சத்தைத் தெற்கே திருப்புகிறது. ஆண்டு முழுவதையும் கூட்டிப் பார்த்தால் மணல் வடக்கு நோக்கியே நடக்கிறது. நடுவில் கல்லைக் கொட்டிக் கடலுக்குள் சுவர் நீட்டினால், தெற்கே மணல் குவியும், வடக்கே கடல் தன் பசிக்குக் கரையைத் தின்னும். மெரினா அகன்றதும் ராயபுரம் கரைந்ததும் ஒரே நிகழ்வின் இரு பக்கங்கள். மெரினாவில் சுண்டல் தின்றபடி காற்று வாங்குகிறவர் உட்கார்ந்திருக்கும் மணலின் ஒரு பங்கு, முறைப்படி திருவொற்றியூருக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டியது.

இன்று அந்தப் பங்கு போய்ச் சேர வேண்டிய இடத்தில் கருங்கல் கிடக்கிறது. ராயபுரத்துக்கு வடக்கே கடலோரம் பெரும்பகுதிக்கு மணற்கரை என்ற ஒன்றே இல்லை. ஆளுயரப் பாறாங்கற்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து நேராகத் தண்ணீருக்குள் இறங்குகின்றன. இடுக்குகளில் பாசியும் நண்டும் பிளாஸ்டிக் பையும் வலைத் துண்டும் இருக்கும். அலை வந்து மணலில் ஏறி ஓய்வதற்கு இடமில்லாமல் கல்லில் அறைந்து, வந்த வேகத்தில் பின்வாங்கி, அடுத்து வரும் அலையோடு மோதிக் குழம்புகிறது. கல்லும் போதாமல், இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கடலுக்குள் நீளும் கற்சுவர்களாகத் தூண்டில் வளைவுகள் போட்டார்கள். அவற்றுக்கு நடுவே அங்கங்கே மணல் சேர்ந்ததும், படகு நிறுத்த இடம் கிடைத்ததும் உண்மை. அதை மறுப்பது நியாயமில்லை. ஆனால் தூண்டில் வளைவின் ஓரமாகத் தண்ணீர் கடலை நோக்கி இழுத்துக்கொண்டு ஓடும். வெளியூரிலிருந்து குளிக்க வருகிற பையன்களுக்கு அது தெரியாது. கரையில் நின்று பார்த்தால் அந்த ஓரம்தான் அலை குறைந்து அமைதியாகத் தெரியும்.

அப்படியே தெற்கே போங்கள். கோவளத்தில் மூர்த்தி மேகவன் என்ற மீனவர் தானாகப் பழகி, ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து, பிறகு அருண் வாசுவின் துணையோடு அதை ஒரு சர்ஃபிங் பள்ளியாக்கினார். 2013-ல் அங்கே அலைச்சறுக்குத் திருவிழா தொடங்கியது. கோவளம் கடற்கரைக்கு 2021-ல் நீலக்கொடிச் சான்றிதழ் கிடைத்தது. மாமல்லபுரத்தில் 2023 ஆகஸ்டில் சர்வதேச சர்ஃபிங் போட்டி நடந்தது. 2025 ஆகஸ்டில் அதே ஊரில் நடந்த ஆசியப் போட்டியில் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார். கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் பலகையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள். கடலின் சுழிப்பையும் இழுவையையும் நடக்கப் பழகும் வயதிலேயே தெரிந்துகொண்டவர்கள். அதே அறிவும் அதே உடற்கட்டும் உள்ள பிள்ளைகள் காசிமேட்டிலும் எண்ணூரின் நெட்டுக்குப்பத்திலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இல்லாதது கால் ஊன்றி இறங்க ஒரு மணற்கரையும், வாயில் போனால் பயமில்லாத தண்ணீரும்தான்.

இங்கே ஒரு மறுப்பு வரும். பழைய மதராஸ் அலை படகைக் கவிழ்த்த அலை, செங்குத்தான கரையில் திடீரென உடையும் அலை. அறுகம்குடா போல முனையைச் சுற்றி நீளமாக உருளும் அலை அல்ல. துறைமுகமே வராவிட்டாலும் ராயபுரம் சர்ஃபிங் ஊராகியிருக்காது என்பார்கள். பாதி சரி. இந்தக் கரையில் அறுகம்குடா போன்ற நிலமுனை கிடையாது. ஆனால் மணலடிக் கடலில் அலை எங்கே, எப்படி உடையும் என்பது கீழே இருக்கும் மணல்திட்டைப் பொறுத்தது. திட்டு ஒவ்வொரு பருவத்திலும் நகரும், சில மாதங்களில் நன்றாக அமையும், சிலவற்றில் அமையாது. அந்த வாய்ப்புக்கு முதல் தேவை மணல் வந்துகொண்டே இருப்பது. ஸ்நார்க்கெலிங் விஷயத்தில் மட்டும் மறுப்பவர்கள் பக்கமே நியாயம் இருக்கிறது. ஆற்று வண்டல் கலங்கும் இந்தக் கரையில் பவளப்பாறை கிடையாது. தமிழ்நாட்டில் அதற்கு மன்னார் வளைகுடாவுக்கும் பாக் விரிகுடாவுக்கும்தான் போக வேண்டும். 1986-ல் தேசியப் பூங்காவான மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில்கூட இரண்டு கடலுக்குள் மூழ்கிவிட்டன; பவளப்பாறையை வெட்டியெடுத்ததற்கு அதில் பங்கு உண்டு. எண்ணூரில் முகமூடி போட்டுப் பார்க்கப் பவளம் என்றும் இருந்ததில்லை. இறால் இருந்தது, நண்டு இருந்தது. கழிமுகத்துச் சேற்றில் கையால் துழாவி இறால் பிடிக்கிறவர்கள் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள்.

அந்தக் கழிமுகத்துக்கு நேர்ந்ததுதான் இடம் தேர்கிறவர்கள் படிக்க வேண்டிய இரண்டாவது பாடம். வெப்பமண்டலத் தீவு என்றதும் தென்னையும் வெண்மணலும் மனதில் வருகின்றன. எண்ணூருக்கு வடக்கே, ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் உப்பங்கழியுமாக, பழவேற்காடு முகத்துவாரம் வரை நீளும் காட்டுப்பள்ளியும் அப்படியொரு தீவுதான். அதன்மேல் இன்று துறைமுகங்களும் நிலக்கரியும் அனல்மின் நிலையமும் இருக்கின்றன. வடசென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பல் குழம்பைக் கொண்டுபோகும் குழாய்கள் கசிந்து, அந்தக் கழிமுகத்துக்கு வரும் கொசஸ்தலையாற்றில் சாம்பல் படிந்த விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. எர்ணாவூர் ஓரத்தில் தார்போலத் திரண்ட அந்தக் கழிவை இளைஞர்கள் பாறைகளின்மேல் வரிசையாக நின்று பிளாஸ்டிக் வாளிகளில் மொண்டு கைமாற்றியதை நாடே பார்த்தது. மணற்கரையில் ஒதுங்கும் எண்ணெயை மணலோடு வாரிவிடலாம். கற்குவியலின் இடுக்குகளில் புகுந்ததை எப்படி வாருவது? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து கழிமுகத்தையும் படகுகளையும் வலைகளையும் கறுப்பாக்கியது. அதே மாதம் 26-ஆம் தேதி இரவு பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, மக்கள் மூச்சுத்திணறி வீட்டைவிட்டு ஓடினார்கள். இவற்றில் எதுவுமே அலை முன்னறிவிப்பில் தெரியாது.

சாப்பாட்டுக்கும் மின்சாரத்துக்கும் துறைமுகம் வேண்டும், விளையாட்டு வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்கு, இரண்டையும் ஒரே தட்டில் வைக்கலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அக்கறையோடு கேட்கப்படும் கேள்விதான் இது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கடல்நீரைப் பயன்பாட்டின்படி ஐந்து வகையாகப் பிரித்திருக்கிறது. துறைமுக நீர் நான்காம் வகை. இரண்டாம் வகையில் மூன்று பயன்பாடுகள் சேர்ந்தே வருகின்றன: குளித்தல், உடல் நனையும் நீர் விளையாட்டு, வணிக மீன்பிடிப்பு. 100 மில்லிலிட்டரில் மலக்கிருமி 100-க்கு மேல் கூடாது, கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது என்பவை அந்த வகைக்கான வரம்புகளில் சில. அதாவது, அரசின் சொந்த அளவுகோல்படி, பலகை போட ஆகாத தண்ணீர் வலை போடவும் ஆகாது. கோவளத்துப் பிள்ளை அலையேறும் தண்ணீருக்கும் காசிமேட்டுக்காரர் தொழில் செய்யும் தண்ணீருக்கும் சட்டம் ஒரே தரத்தைத்தான் கேட்கிறது. விளையாட்டா பிழைப்பா என்ற எதிர்நிலையே இங்கே பொருந்தாது.

துறைமுகத்தைப் பெயர்த்தெடுக்க முடியாதே என்பது கடைசி மறுப்பு. பெயர்க்க வேண்டியதில்லை. ஆஸ்திரேலியாவில் ட்வீட் ஆற்று வாயில் சுவர்களை 1960-களில் நீட்டியதும் வடக்கே கோல்டு கோஸ்ட்டின் கடற்கரைகள் நம் ராயபுரம் போலவே கரைந்தன. 2001 முதல் வாயிலுக்குத் தெற்கே சேரும் மணலைப் பம்பு வைத்து இழுத்து, ஆற்றுக்கு அடியில் குழாய் போட்டு, வடக்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ ஐந்து லட்சம் கன மீட்டர் என்பது திட்டக் கணக்கு. அந்த மணல் படிந்த இடத்தில் உலகின் மிக நீண்ட சர்ஃபிங் அலைகளில் ஒன்று உருவானது. நமக்குப் பக்கத்திலேயே புதுச்சேரி இருக்கிறது. 1980-களின் இறுதியில் துறைமுகச் சுவர் வந்து நகரத்தின் மணற்கரை மறைந்து, கல்தான் மிஞ்சியது. தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் ஆப்பு வடிவில் செயற்கைப் பாறைத்திட்டு அமைத்த பிறகு, அங்கே மணல் திரும்பி வந்து மக்கள் காலாற நடக்கிறார்கள். அந்தக் கழகத்தின் தலைமையகம் பள்ளிக்கரணையில்தான் இருக்கிறது. ராயபுரத்துக்கு அதே அறிவைக் கொண்டுவரத் தூரம் ஒரு தடையல்ல.

ஆகவே இந்த ஆண்டு திருகோணமலைக்கோ அறுகம்குடாவுக்கோ போகிறவர்கள், அலை உயரத்தைப் பார்ப்பதற்கு முன் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்க்கட்டும். மணல் வருகிற திசையில் சுவர் உண்டா, அருகே ஆற்று வாய் உண்டா, அந்த ஆற்றின் மேலே என்ன இருக்கிறது, கப்பல் தடம் எவ்வளவு பக்கம்? 2021-ல் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்து மூழ்கியபோது நீர்கொழும்புக் கரையில் பிளாஸ்டிக் மணிகள் மணலை மூடிக் கிடந்தன. கப்பல் தடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கரைக்கு இதிலிருந்து காப்பு இல்லை. ஊர் மீனவர்கள் தங்கள் பிள்ளைகளை அந்தத் தண்ணீரில் விளையாட விடுகிறார்களா என்று கேட்டுவிட்டு இறங்குங்கள். இதே கேள்விகளை நம் ஊரிலும் எழுப்பலாம். காசிமேடு முதல் எண்ணூர் வரை ஒவ்வொரு குப்பத்துக்கும் எதிரே இருக்கும் கடல்நீரை இரண்டாம் வகைத் தரத்துக்கு வாரந்தோறும் சோதித்து, முடிவைக் குப்பத்து ஏலக்கூடத்தில் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும். மெரினாவின் வடகோடியில் தேங்கும் மணலை வடக்கே அனுப்பக் குழாய் போட வேண்டும். முதல் வேலைக்கு ஒரு பரிசோதனைக்கூடமும் ஒரு வண்டியும் போதும், அதை அடுத்த மாதமே தொடங்கலாம்.