ஆணியும் குடையும் பாட்டில் ஏறிய காலம்

சென்னைப் புறநகரான பொழிச்சலூரில் ஏதாவது ஒரு ஹார்டுவேர் கடையில் கால் கிலோ இரண்டு இன்ச் ஆணி கேளுங்கள். அள்ளி எடைபோட்டு, பழைய பேப்பரில் பொட்டலம் கட்டி உடனே தந்துவிடுவார்கள். அந்த ஆணியை நாமே செய்வோம் என்று ஒருகாலத்தில் மகாகவி பாட வேண்டியிருந்தது. 'பாரத தேசம்' பாட்டில் ஆயுதம், காகிதம், குடை, கோணி, இரும்பாணி என்று பாரதியார் அடுக்கிக்கொண்டே போகிறார். தீர்க்கதரிசனம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். எனக்கு அது அன்றைய இல்லாமையின் கணக்காகவே படுகிறது. இங்கே விளைந்த பருத்தி கப்பலேறிப் போய் இங்கிலாந்துத் துணியாகத் திரும்பிய காலம் அது. 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியதும் அந்தக் காலத்தில்தான்.

அந்தப் பட்டியலில் பறக்கும் வண்டியும் உண்டு. 1910இல் டி ஏஞ்செலிஸ் என்ற சென்னை ஓட்டல் முதலாளி, தாம் உருவாக்கிய விமானத்தைப் பக்கத்துப் பல்லாவரத்தில்தான் சோதித்துப் பார்த்தார். இன்று மீனம்பாக்கத்து விமானங்கள் தாழப் போகும்போது, போனில் பேசுகிற பொழிச்சலூர்க்காரர் "ஒரு நிமிஷம் இருங்க" என்று நிறுத்தி, பிறகு தொடர்கிறார். காசியில் பேசுவதைக் காஞ்சியில் கேட்க ஒரு கருவி வேண்டும் என்று ஆசைப்பட்ட பாரதி 1921இல் மறைந்தார். சென்னையில் வானொலி ஒலித்தது 1924இல். மூன்றே ஆண்டுகள் பிந்திவிட்டது!

நெசவில் கதை தலைகீழ். பட்டும் பருத்தியும் தெருவெல்லாம் நிறைய வேண்டும் என்று பாடினார். பக்கத்து அனகாபுத்தூரில் தறிச் சத்தம் கேட்காத தெருவே இல்லாத காலம் இருந்தது. அங்கே நெய்த கட்டம்போட்ட துணி நைஜீரியா வரை போனது. இன்று தறிகள் சொற்பம். வாழைநாரில் சேலை நெய்து தொழிலைப் பிடித்துவைத்திருக்கிறார்கள் சிலர்.

பொருள்களை மட்டுமல்ல, சமூகத்தையும் பாட்டு காட்டியதற்கு என் கண்ணில் முதல் சாட்சி கவிமணி. நாஞ்சில் நாட்டில் மாமன் சொத்து மருமகனுக்குப் போய், கட்டிய மனைவியும் பெற்ற பிள்ளைகளும் திண்டாடிய கொடுமையை 'மருமக்கள்வழி மான்மிய'த்தில் ஒரு பெண்ணின் வாயாலேயே சொல்லவைத்தார். 1917-18இல் 'தமிழன்' இதழில் அது வந்தது. அந்த வழக்கத்தை மாற்ற 1926இல் திருவிதாங்கூரில் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் பரம்பரைச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை 1989இல்தான் கிடைத்தது. இன்றும் விடுதலைப் பத்திரத்தில் அக்கா தங்கைகளிடம் கையெழுத்து வாங்கும் வீடுகள் உண்டு. ஆகவே அந்த நூலைப் பழையது என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் மனத்தை அறுப்பது பாரதியின் 'கரும்புத் தோட்டத்திலே'தான். 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகப் பிஜிக்குப் போன நம் மக்களின், அதிலும் பெண்களின், அழுகையை இங்கிருந்தே கேட்டு எழுதினார். 1920இல் அந்த ஒப்பந்தங்கள் ரத்தாயின.

இப்போது ஊர்விட்டு ஊர் வருகிறவர்கள் ஒடிசா, பீகார்க்காரர்கள். தாம்பரம், பம்மல், பொழிச்சலூர்ப் பக்கம் நம் அடுக்குமாடிகளுக்குக் கம்பி கட்டி, கலவை சுமந்து, தகரக் கொட்டகையில் படுக்கிறார்கள். பார்க்காத தீவில் இருந்தவர்களுக்காகப் பாரதி எழுதினார். இவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். தமிழில் கவிதை எழுதுகிறவர்களே, இவர்களைப் பற்றி எழுதுங்கள்.